தலைவர் படத்தின் பின்பக்கம்

நகராட்சி வாசகசாலையைப் பெருக்கித் துடைக்கும் அக்காவுக்குக் கத்திரி அக்கா என்ற பெயர் வந்தது நகராட்சித் தலைவரின் புண்ணியத்தில்தான். தன்னைக் குறைசொல்லும் செய்திகளைப் படித்து மக்கள் மனம் நோகக் கூடாது என்று அவர் உத்தரவு போட்டிருந்தார். அதனால் தினமும் கதவைத் திறக்குமுன் அக்கா பத்திரிகையில் அப்படிப்பட்ட செய்தியை வெட்டி எடுத்துவிடுவாள். வேலை போனால் இரண்டு மகள்களின் படிப்பும் போய்விடுமே.

ஒருநாள் குடிநீரில் புழு வந்த செய்தியை வெட்டினாள். அன்று பார்த்து, தன் பிறந்தநாள் படத்தை மக்கள் பார்க்கும் அழகைப் பார்க்கத் தலைவரே வந்துவிட்டார். முதல் பக்கத்தில் அவருடைய சட்டை இருந்தது, தலை இல்லை.

"யாரும்மா இத வெட்டினது?"

"நான்தாங்க ஐயா. புழுவைத்தான் வெட்டினேன். பின்னாடி நீங்க இருந்தீங்க, கவனிக்கலைங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த பழைய தபால்காரர் இருமுவதுபோல் சிரித்தார்.

"இனிமே என் படம் இருக்கிற தாள்ல கத்திரி படக்கூடாது, ஆமா!" என்று உறுமிவிட்டுத் தலைவர் போய்விட்டார். வேலை தப்பியது.

தபால்காரர் வாய் சும்மா இருக்குமா? சேதி பத்திரிகை ஆசிரியருக்கு எட்டியது. மறுநாளிலிருந்து தினமும் முதல் பக்கத்தில் தலைவர் படம் பெரிதாக வந்தது. அதற்கு நேர் பின்னால் குழாய், குப்பை, குண்டும் குழியுமான சாலை எல்லாம் வந்தன. தலைவர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் திருப்பிப் படித்தார்கள்.

கத்திரியை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனாள். மகள்களின் நோட்டுக்கு அட்டை போட உதவுகிறது.