அப்பா பிறந்த வீடு

பம்புசெட் முறைத் தண்ணீருக்காக வந்த சண்டையில் சித்தப்பா அப்பாவைப் பார்த்துக் கேட்டுவிட்டார்: "தவுட்டுக்கு வாங்குன உனக்கு கெணத்துல என்ன பாத்தியத?"

எங்கள் பக்கம் பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போனால், அடுத்துப் பிறப்பதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து ஒரு முறம் தவிடு வாங்கிக்கொள்வார்கள். பிள்ளை கைமாறிவிட்டது, இந்த வீட்டில் எமனுக்கு வேலையில்லை என்று கணக்கு. அப்புறம் பெற்றவளே அந்தத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி வளர்ப்பாள். அப்பாவுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பதால் அவருக்கும் இது நடந்திருந்தது. ஊரே கேலி செய்யும், அவரும் சிரிப்பார். ஆனால் கூடப் பிறந்தவன் வாயிலிருந்து வந்தபோது சிரிக்கவில்லை. சாப்பாடு குறைந்துபோனது. ஒருநாள் என்னிடம், "மூணாவதும் செத்து, வேற எங்கயாவது இருந்து என்னைக் கொண்டாந்திருப்பாங்களோ?" என்று கேட்டார். அறுபது வயது மனிதர். எனக்குச் சித்தப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது நான் காரிமங்கலத்தில் டீச்சர். லீவு போட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தேன். அப்பாவின் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் உதவாது. தலையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, கை எட்டியதும் வாத்தியார் போட்ட தேதி அது. தீபாவளிக்கு மறுநாள் பிறந்தவர் என்பதும், எந்த வருஷம் என்பதும் மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஊர்ப் பிறப்பு இறப்பை எழுதிவந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்த புதிது. அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்த கட்டுகள் தாலுகா ஆபீஸ் மூலைக்கு வந்து சேர்ந்திருந்தன.

"ஜனன ரிஜிஸ்தருங்களா? எலி தின்னது போக மிச்சம் இருந்தா பாத்துக்குங்க" என்றார் கிளார்க்.

இன்று போய் நாளை வா என்று பலமுறை அலையவிட்டு, கடைசியில் கட்டை அவிழ்த்தார்கள். அந்த வருஷம் என் தாத்தா பேரில் ஒரு குழந்தையும் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் எங்கள் தெருவில் ஒரே ஓர் ஆண் குழந்தை. தகப்பன் என்று எழுதியிருந்தது பக்கத்து வீட்டுக்காரர் பேர். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இதை எப்படி அப்பாவிடம் போய்ச் சொல்வது? பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் வாயே திறக்கவில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக் குடும்பம் எப்போதோ அதியமான்கோட்டைக்குப் போய்விட்டிருந்தது. விசாரித்துக்கொண்டு போனேன். மூத்த மகள் இருந்தார், எழுபதை நெருங்கியவர். நான் யார் என்று சொல்லி, ரிஜிஸ்தரில் பார்த்ததையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்கப்பாதான் எழுதச் சொன்னாரு. எமனை ஏமாத்தறதுன்னா சர்க்காரையும் சேத்துத்தான ஏமாத்தணும்? சித்திரகுப்தன் வந்து மணியக்காரர் நோட்டைப் பெரட்டிப் பாத்துட்டா என்ன பண்றது?"

"அப்போ எங்கப்பாவைப் பெத்தது?"

"உங்க ஆயாதான். வலியில அது கத்துனது எங்க வூடு வரைக்கும் கேட்டுச்சு. வெந்நி கொண்டுபோனதே நானு."

எனக்கு உயிர் வந்தது. "ரொம்ப நன்றிங்க ஆயா" என்று எழுந்தேன்.

"ஆயான்னு கூப்புடாத கண்ணு. அத்தைன்னு கூப்புடு" என்றார். சிரிப்பு போயிருந்தது. "நாங்க நாலும் பொட்டப் புள்ளைங்க. எங்கம்மாவுக்கு உங்கப்பாதான் புள்ளை. சாகறப்போ, எம்மவன் வந்து கொள்ளி வெக்கட்டும்னுச்சு. உங்கப்பா அப்ப சேலத்துல மில்லுல இருந்தாரு. உங்க தாத்தாகிட்ட சொல்லி வுட்டோம். அது சும்மா சாத்தரத்துக்குப் பண்ணதுன்னு சொல்லிட்டாரு. அப்பறம் பங்காளிப் பையன் ஒருத்தன் வெச்சான்."

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். பெற்றவள் அவர் அம்மாதான் என்றதும் மூச்சை நீளமாக விட்டார். கொள்ளி விஷயத்தைச் சொன்னபோது துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"எந்த மாசம், என்ன திதின்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை. மறுநாள் அவரே பஸ் ஏறிப் போனார். திதி அடுத்த மாதம் வந்தது. அன்றும் தனியாகப் போய், மொட்டை அடித்துக்கொண்டு திரும்பினார்.

சித்தப்பா சண்டையை மறந்து வாசலுக்கே வந்துவிட்டார். "என்னண்ணா, யாருக்கு மொட்டை?"

"எங்கம்மாவுக்கு" என்றார் அப்பா. "எனக்கு ரெண்டு பேருடா. உனக்குத்தான் ஒண்ணு."