பாசி தின்னும் மீன்

என் மாமனார் கொழும்புக் கடையை என் கணவரிடம் விட்டுவிட்டு ராமநாதபுரம் வீட்டுக்குத் திரும்பியபோது ஒரு கண்ணாடித் தொட்டியும் இரண்டு தங்கமீன்களும் கொண்டுவந்தார். இரண்டே மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. துடைக்கவும் விடமாட்டார். கையை உள்ளே விட்டால் மீன் மிரண்டுவிடுமாம். மருமகள் மிரண்டால் பரவாயில்லை.

"மீன்காரன் வீட்டுப் பொண்ணுதானே நீ? பாசி திங்கிற மீனாப் பார்த்து வாங்கி விடு" என்றார். எங்கள் வீட்டில் பிடித்தது கடல் மீன். குளத்து மீனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே தங்கச்சிமடத்தில் என் அப்பா வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னது: அய்யாவுக்கு மூச்சு வாங்குகிறது, என்னைத்தான் கேட்கிறார்.

"ஒரு எட்டு போயிட்டு வாரேன் மாமா."

"கண்ணாடி தெளியட்டும்த்தா. பெறகு போ."

அயிரை மீன் வாங்கித் தொட்டியில் விட்டேன். அது மணலை விட்டு மேலே வரவில்லை. கெண்டைக் குஞ்சு விட்டேன். முதல் நாள் கண்ணாடியைக் கொத்தியது. மறுநாள் மாமனார் தங்கமீனுக்குப் போட்ட பொரியைக் கண்டதும் பாசியை மறந்துவிட்டது. நாலு நாள் பொரியை நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். "என் மீனைப் பட்டினி போடச் சொல்றியா?" என்று கத்தினார். பன்னிரண்டாம் நாள் அய்யா இறந்துபோனார். அடக்கத்துக்குத்தான் மாமனார் என்னை அனுப்பினார்.

திரும்பி வந்ததும் நானே குளத்துக்குப் போனேன். அப்போதுதான் குளங்களில் புதிதாக விட்டிருந்த ஜிலேபிக் கெண்டையை வலைக்காரர் காட்டினார். "பாசியை வழிச்சுத் தின்னுரும் தாயி. ஆனா கூட இருக்குற மீனைக் கடிச்சுக் கொதறிப்புடும்."

"இருக்குறதுலயே பெருசா ஒண்ணு குடுங்க" என்றேன்.

ஒரு வாரத்தில் கண்ணாடி தெளிந்தது. மாமனாருக்கு ஒரே சந்தோஷம். நாற்காலியை இழுத்துத் தொட்டி முன்னால் போட்டுக்கொண்டார். தின்னப் பாசி இல்லாமல் போன ஜிலேபி அவர் கண்ணெதிரே தங்கமீன்களின் வாலைக் கடித்து எடுத்தது.

"ஏத்தா! அதைப் பிடிச்சு வெளிய போடு!"

"கையை உள்ள விட்டா மீன் மிரண்டுருமே மாமா."

அவர் கத்தக் கத்த நான் அடுப்படிக்குப் போய் உலை வைத்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டும் செத்து மிதந்தன. அவர் தேம்பி அழுதார். எனக்கு இன்றுவரை அதில் வருத்தமில்லை. என் அய்யா என்னைக் கேட்டுக்கொண்டே கிடந்தது பன்னிரண்டு நாள்.