மலைப்பாதையில் பக்கக்காற்று

ஒஸ்லோவில் முதியோரின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் எமிலியாவுக்குப் பனியில் கார் ஓட்டுவது பழகிப்போன வேலை. ஆனால் அந்தக் கோடையில் வாடகைக்கு எடுத்த பிக்கப்பின் முதுகில் பயணத்தில் படுத்துத் தங்குவதற்கான ஒரு சின்னப் பெட்டிவீட்டையே ஏற்றிக் கட்டியிருந்தார்கள். பேர்கனில் இருக்கும் தங்கையிடம் பயணம். கணவர் எலியாஸ் அரிசி மூட்டைகளையும் தண்ணீர்க் கான்களையும் அந்த வீட்டின் மேல்கட்டிலில் அடுக்கியிருந்தார்.

மலைப்பாதையில் பக்கக்காற்று பலமாக அடித்தது. எதிரே வந்த லொறி கடந்துபோனதும் வண்டி ஒருபக்கமாகச் சரிந்தது. பின்னால் ஏதோ கிறீச்சிட்டது.

"பிரேக்கை அமத்தும்!" என்று எலியாஸ் கத்தினார்.

"கதைக்காமல் இருங்கோ!"

சட்டென்று பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல் இறுகப் பிடித்தபடி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். வண்டி இன்னும் ஆடி ஆடித்தான் வேகம் குறைந்தது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்தாள்.

வீட்டைப் பிக்கப்போடு பிணைத்திருந்த முன்பக்கச் சங்கிலி ஒன்று தொய்ந்து தொங்கியது. எலியாஸுக்கு முகம் வெளிறிவிட்டது. இருவருமாக அதை முறுக்கி இறுக்கினார்கள். மேல்கட்டிலில் இருந்த பாரத்தை எல்லாம் இறக்கி அந்த வீட்டின் தரையில் வைத்தார்கள்.

"இனி நான் வண்டியை ஓடட்டோ?" என்று எலியாஸ் கேட்டார்.

"வேண்டாம். நான் சும்மா பக்கத்திலை இருந்தால் எனக்கு இன்னும் பயமாயிருக்கும்."

காற்று தணிந்தபின் மெதுவாகப் புறப்பட்டாள். பேர்கனில் போய் இறங்கி, தங்கை ஓடிவந்து கட்டிப்பிடித்தபோதுதான் எமிலியாவுக்கு அழுகை வந்தது.