இருபது பெண்கள் குடியிருந்த பதினாலாம் நம்பர் வீடு

மைசூரு மேட்டகள்ளிப் பக்கம், தொழிற்பேட்டையின் பின்மதிலை ஒட்டிய சந்தில் இருக்கிற பதினாலாம் நம்பர் வீடு, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அளந்து சொன்னவர் ஆறுமுகசாமி. அளக்காமல் அவர் எதையும் சொல்வதில்லை. அந்த வீட்டில் அவரும் தங்கை சரசுவும் மட்டும்தான் இருந்தார்கள். ஆனால் மாநகராட்சிக்குப் போய்ச் சேர்ந்த காகிதங்களின்படி சரசுவோடு சேர்த்து இருபது பெண்கள் அங்கே குடியிருந்தார்கள்.

இந்தக் கூத்துக்கு ஆறுமுகசாமிதான் காரணம். அதை அவரே ஒப்புக்கொள்வார். ஆனால் சரசுவைப் பற்றிச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

இருவரும் கோபிநத்தத்தில் பிறந்தவர்கள். அண்ணன் எட்டாம் வகுப்போடு நிறுத்தி, நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் சாமான் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். எந்த அளவு போல்ட் எந்தத் தட்டில் எத்தனை இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தங்கை மைசூருவில் ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள், பதினான்கு வருஷமாக. இருவருக்குமே கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றி ஊர் கவலைப்பட்ட அளவுக்கு அவர்கள் படவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் மகளிர் தினத்துக்கு த்ரோபால் போட்டி வைத்தார்கள். காலர் லைனில் ஓர் ஆள் குறைந்தது. சரசுவைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். வலைக்கு மேலே வந்த முதல் பந்தை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிடித்தவர் மூன்று நொடிக்குள் திருப்பி எறிய வேண்டும் என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

"கைக்கு வந்ததை எதுக்குங்கண்ணா திருப்பிக் குடுக்கணும்?" என்று அன்று மாலை கேட்டாள். அப்படிக் கேட்டவள்தான் ஆறே மாதத்தில் சந்திலிருந்த பெண்களையெல்லாம் திரட்டி, பக்கத்துக் காலி மனையில் கோலமாவால் கோடு போட்டு, இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவே பழைய கொசுவலையைக் கட்டி ஆடவைத்தாள். சரசு எறிகிற பந்து வலையை ஒரு விரற்கடை மேலே தாண்டி, எதிராளியின் முழங்காலுக்கு முன்னால் போய் விழும். விரற்கடை என்பதும் ஆறுமுகசாமி பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னதே.

இந்த வருஷம் மனைக்காரர் வீடு கட்டத் தீர்மானித்துவிட்டார். செங்கல் வந்து இறங்கியது. வேறு இடம் கிடையாது. ஆட்டம் நின்றால் குழு கலைந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சரசு இரண்டு நாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்தாள். ஆறுமுகசாமி வாழ்க்கையில் முதல்முறையாகச் சாமான் அறையில் ஒரு தட்டைத் தப்பாக எண்ணினார்.

அப்போதுதான் வார்டு அலுவலகச் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தார். லாப நோக்கமில்லாத சமூக விளையாட்டுக் குழுக்களுக்கு மாநகராட்சியின் ஆடுகளம், வலை, விளக்கு எல்லாம் தினமும் மாலை இரண்டு மணி நேரம், ஒரு வருஷத்துக்கு இலவசம். நிபந்தனைகள் நான்கு. பதிவு செய்த குழுவாக இருக்க வேண்டும். குறைந்தது இருபது உறுப்பினர். எல்லோரும் பதினெட்டு வயது தாண்டி, அந்த வார்டிலேயே குடியிருக்க வேண்டும். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. ஆறுமுகசாமி நான்கையும் நின்றபடியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்.

குழுவைப் பதிவு செய்தார். செயலாளர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினார், வேறு யாரும் அந்தக் காகிதத்தைத் தொடவே பயந்ததால். இருபது ஆதார் நகல், இருபது படம், ஓரம் ஒன்றுபோல வெட்டி ஒட்டியது. கடைசி நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாகவே கொடுத்துவிட்டார்.

கடைசி நாளன்று மதியம், ஆறுமுகசாமி காலை ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்த மூன்றே கால் மணிக்கு, மாநகராட்சிக் கள அலுவலர் வினிதா பைலோடு வாசலில் வந்து நின்றார். கொள்ளேகால்காரர். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும், மரியாதைக்கு ஒரு கன்னட 'ரீ'யும் ஒட்டிக்கொள்ளும்.

"நீங்கதானா ஆறுமுகசாமி? இந்த வீட்டுல இருபது பேர் இருக்காங்களா ரீ?"

"இல்லீங்க மேடம். நானும் தங்கச்சியும் மட்டுந்தானுங்க."

"மத்த பத்தொன்பது பேர் எங்கே, பரண் மேலயா?"

ஆறுமுகசாமி பைலை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் திண்டாடிப்போனார். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஊர் விலாசத்திலேயே ஆதார் வைத்திருந்த சந்துப் பெண்கள் மைசூரு விலாசத்துக்கு மாற வேண்டியிருந்தது. வீட்டு உரிமையாளர்கள் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மறுத்தார்கள். ஒழுங்கான ஒப்பந்தமும் கரண்ட் பில்லும் இருந்தது பதினாலாம் நம்பருக்கு மட்டும். எனவே இரக்கப்பட்டு, எல்லோருடைய படிவத்தையும் அவரே நிரப்பினார். எல்லாவற்றிலும் ஒரே வரி: மேற்பார்வை ஆறுமுகசாமி, பதினாலாம் நம்பர். இருபதிலும் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அதில் அவருக்கு அப்போது பெருமை வேறு. இப்போது நகல்களை ஒட்டும்போது ஓரத்தைப் பார்த்தவர் விலாசத்தைப் பார்க்கவில்லை.

"ஒரே வீட்டுக்கு மூணு பேர். ரூல் அது. மிச்சம் பதினேழு பேரை நான் அடிச்சிடணும்" என்றார் வினிதா.

"அவங்க எல்லாம் இந்தச் சந்துலதானுங்க இருக்காங்க. ஆளுக்கொரு வீடுங்க."

"பேப்பர் அப்படிச் சொல்லலையே."

ஆறுமுகசாமி நோட்டைப் புரட்டினார். அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் அவர் விடாமல் எழுதியிருந்தார். விலாசத்தில் சந்தேகம் வந்தால் கள அலுவலர் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

வினிதா படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்கு நான் ரிப்போர்ட் ஏத்தணும். அதுக்குள்ள ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டு வாசல்ல இருக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் பத்தொன்பது. பத்தொன்பதுக்கு கிரவுண்டு இல்ல."

இருபது பேரில் பதினோரு பேர் சரசுவோடு கம்பெனியில் இருந்தார்கள். ஷிப்ட் முடிவது ஐந்தரை. பஸ் சந்துக்கு வரும்போது ஆறு பத்து.

ஆறுமுகசாமி போன் செய்தார். மெஷின் சத்தத்துக்கு மேலே சரசு கத்தினாள். "என்னங்கண்ணா?"

"அம்மிணி, ஆறு மணிக்குள்ள பன்னெண்டு பேரும் வீட்டுல இருக்கோணும். இல்லாட்டி கிரவுண்டு போச்சு."

"ஏன்?"

"எல்லாரையும் நான் நம்ம வீட்டுக்குள்ள குடிவெச்சுட்டேன்."

"போனை வெச்சிருங்கண்ணா, வர்றோம்" என்றாள்.

லைன் இன்சார்ஜ் சேகரன் நல்ல மனுஷன்தான், ஆனால் கணக்கில் கறார். இன்றைய டார்கெட்டில் இன்னும் நூற்றெண்பது காலர் பாக்கி, முடித்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் போங்கள் என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார்கூட. அதன் பிறகு நடந்ததை மறுநாள் அவரே வந்து ஆறுமுகசாமியிடம் சொன்னார். பன்னிரண்டு பெண்களும் சேர்களைத் தள்ளிவிட்டு நின்றார்களாம். ஒருத்தி தைத்து முடித்த துண்டு கட்டாக அடுத்தவள் கைக்குப் பறந்ததாம். பிடித்தவள் மூன்று நொடிக்கு மேல் வைத்திருந்தால் சரசு "விசில்!" என்று கத்தினாளாம். நாலு ஐம்பதுக்கு நூற்றெண்பதும் முடிந்தது. ஒன்றுகூடத் தையல் பிசகவில்லை. சேகரன் கேட் வரை ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டாராம்.

மூன்று ஆட்டோவில் பன்னிரண்டு பேர் அடைந்து வந்து இறங்கியபோது மணி ஐந்து ஏழு. அதற்குள் ஆறுமுகசாமி, வீட்டு வேலைக்கும் ஆஸ்பத்திரித் துப்புரவுக்கும் போயிருந்த மற்ற எட்டுப் பேரில் ஏழு பேரைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். சந்தின் வரைபடம் ஒன்றைப் போட்டு, வீட்டுக்கு வீடு நம்பரும் ஆள் பெயரும் எழுதி, வினிதாவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வினிதா லேசில் நம்புகிறவர் இல்லை. யார் வேண்டுமானாலும் யார் வாசலிலும் நிற்கலாமே! அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி. "உங்க வீடுதானே? உப்பு எங்கே இருக்கு, எடுங்க." அதெல்லாம் மின்னல் வேகத்தில் வந்தது. சர்க்கரை, தீப்பெட்டி, தைலம். ஒரு வீட்டில் மாமியாரின் பல்செட்டைக்கூட எடுத்துக் காட்டினார்கள்.

ராமக்காள் வீட்டில்தான் மாட்டிக்கொண்டது. உப்பு எங்கே என்று ராமக்காள் தேடுகிறாள், தேடுகிறாள், கிடைக்கவில்லை.

"ஏன் ரீ, சொந்த வீட்டுல உப்பு தெரியாதா?"

"சமைக்கிறது அவருங்க மேடம்! நான் உள்ள போனா துரத்துவாரு. பந்துக்குக் காத்தடிக்கிற பம்பு எங்கேன்னு கேளுங்க, சொல்றேன்."

வினிதா உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு பசம்மா, மாடியிலிருந்து கன்னடத்தில் கூவினார். "இவ இங்கதாம்மா இருக்கா! காலைல அஞ்சு மணிக்குச் சுவத்துல பந்து அடிப்பா. வேற வீட்டுக்குப் போறதா இருந்தா முதல்ல கூட்டிட்டுப் போங்க!" வினிதா சிரித்தேவிட்டார். டிக் போட்டார். பதினைந்து.

பதினாறு, பதினேழு, பதினெட்டு. சரசுவுக்குப் பதினாலாம் நம்பரில் பத்தொன்பது. மணி ஐந்து நாற்பத்தொன்று.

பாக்கி கமலம்மாள். ஐம்பத்தெட்டு வயது. எந்தப் பந்தையும் நழுவ விடவே மாட்டாள் என்பதால் கடைசி வரிசையில் எப்போதும் அவள்தான். எங்கே என்று பார்த்தால், சந்தின் கோடியில் பாதி கட்டிய கட்டடத்தின் தகரக் கொட்டகை முன்னால், குளித்துப் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, அதிகாரி வருகிறார் என்று கையில் டீயோடு நிற்கிறாள். அவள் புருஷனுக்கு அங்கே காவல் வேலை.

"டோர் நம்பர்?" என்றார் வினிதா.

கமலம்மாள் சுற்றிலும் பார்த்தாள். "டோரே இல்லீங்களே சாமி. துணிதானுங்க தொங்குது."

"நம்பர் இல்லாம இந்தக் கட்டத்தை நிரப்ப முடியாதும்மா."

எல்லோரும் சரசுவைப் பார்த்தார்கள். சரசு அண்ணனைப் பார்த்தாள். ஆறுமுகசாமி கொட்டகையைப் பார்க்கவில்லை, எதிரே ரோட்டைப் பார்த்தார். விளக்குக் கம்பத்தில் மாநகராட்சி வெள்ளைப் பெயிண்டில் எழுதிய எண் இருந்தது.

"மேடம், விளக்குக் கம்பம் நூத்து முப்பத்தேழு. அதுக்கு நேர் கிழக்கே பதினெட்டடி. உங்க ஆபீஸ்காரங்க போட்ட நம்பருதானுங்க, எங்களுது இல்லை."

வினிதா கம்பத்தைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். "பதினெட்டா?"

"பதினெட்டுங்க. டேப் இருக்குது, புடிக்கட்டுங்களா?"

"வேண்டாம் ரீ, வேண்டாம்" என்று எழுதிக்கொண்டார். "இருபது. டீயைக் கொடுங்கம்மா."

சந்தே கூச்சல் போட்டது. ராமக்காள் கமலம்மாளைத் தூக்கிச் சுற்றினாள். பூ ஒருபக்கம், டீ ஒருபக்கம் பறந்தது. ஆனால் வினிதா பைலை மூடவில்லை. கடைசிப் பக்கத்தில் பேனா நின்றது.

"மகளிர் குழுன்னு பதிஞ்சிருக்கீங்க. செக்ரெட்டரி மெம்பரா இருக்கணும். நீங்க எப்படி மெம்பர்?"

சரசுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கண்ணன் இல்லீன்னா இந்தப் பேப்பரே இல்லீங்க மேடம்!"

"அண்ணன் இருந்ததாலதானேம்மா இருபது பேரும் ஒரே வீட்டுல இருந்தீங்க?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. ஆறுமுகசாமிதான் கடைசியாக நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்கேலை எடுத்து, தன் பெயரின் மேல் ஒரே நேர்கோடு இழுத்தார். திருத்தம் என்பதால் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். அதன் மேலே "சரசு, செயலாளர்" என்று எழுதி, பேனாவைத் தங்கையிடம் நீட்டினார். காலர் தைத்த விரலெல்லாம் இன்னும் துடித்துக்கொண்டிருந்ததால் அவள் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கட்டத்தைத் தாண்டிய ஒரு கையெழுத்தை ஆறுமுகசாமி குறை சொல்லவில்லை. மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

பதினோராம் நாள், திங்கட்கிழமை, ஆறு மணிக்கு மாநகராட்சி ஆடுகளத்தில் விளக்கு எரிந்தது. உண்மையான வலை. அளந்து போட்ட கோடு. சரசு வெறுங்காலோடு கோட்டுக்குள் போய்ப் பந்தைத் தோளுக்கு மேலே தூக்கினாள். வாயிலில் நின்ற காவலாளி கரியப்பன் பட்டியலை வைத்துக்கொண்டு ஆறுமுகசாமியை மறித்தார்.

"நீங்க மெம்பருங்களா?"

"இல்லீங்க" என்றார் ஆறுமுகசாமி, கம்பிக்கு வெளியே நின்றபடியே, காதுவரை சிரிப்போடு. "அதோ எறியறா பாருங்க, அந்த செக்ரெட்டரிக்கு அண்ணன்."