மிஷின் வராத அறை

வில்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்குக் காலையில் நடந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தலையில் பீன்ஸ் கூடையோ உருளைக்கிழங்கு மூட்டையோ சுமந்து வருவார்கள். வடிவு கையில் குடையோடு வருவாள். மிஷன் பள்ளியில் படித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, ஒரு காபித் தோட்டக் கம்பெனியின் மலை ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். பாச்சலூர்ப் பக்கத்துத் தோட்டங்களின் கூலிக் கணக்கெல்லாம் அந்த ஆபீசில்தான் போடப்பட்டது. அப்பா இறந்துவிட்டார். அம்மா கந்தம்மாள் வீட்டை ஒட்டிய சரிவில் காய்கறி போட்டுக்கொண்டிருந்தாள்.

1963ஆம் வருஷ சீசனில் கம்பெனியின் டைரக்டர் மெட்ராசிலிருந்து வந்தார். ஆபீஸ் ஆட்களை எல்லாம் உட்காரவைத்து, கோட்டுப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். அட்டை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். வெளிச்சம் அவற்றின் வழியே அவர் சட்டையில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

"இதுல ஒரு தொழிலாளியோட ஒரு வாரக் கூலி இருக்கு. இன்னும் கொஞ்ச வருஷத்துல எந்தக் கம்பெனியிலயும் கணக்கை மனுஷன் கூட்டமாட்டான். மிஷின் இந்த ஓட்டையைப் படிச்சுத் தானே கூட்டிக்கும்" என்றார்.

இதில் ஓட்டை போடப் பழக ஓர் ஆள் மெட்ராசுக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார். வடிவு எழுந்து நின்றாள்.

கந்தம்மாள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒத்தப் பொம்பளப் பிள்ளையை மெட்ராசுக்கு அனுப்புவதா என்று ஊரும் கேட்டது. மிஷன் ஹாஸ்டலில் இடம் கிடைத்தது என்று தெரிந்த பிறகுதான் அம்மா சம்மதித்தாள்.

பாரிமுனைப் பக்கம் ஒரு மாடியில், அட்டையில் ஓட்டை போடும் மிஷினில் பயிற்சி. வலது கை எண்களை அடிக்கவேண்டும், இடது கை தாளைப் புரட்டவேண்டும், கண் தாளைவிட்டு நகரக் கூடாது. முதல் வாரம் அவளுக்கு அழுகை வந்தது. பிறகு ஒரு நாள் விரல்கள் தாமாகவே போகத் தொடங்கின. அடிப்பது தான்தான் என்பதே மறந்துபோன அப்படி ஒரு மத்தியானம் அவள் அதுவரை அறியாதது. சாயங்காலம் கடற்கரையில் மற்றப் பெண்களோடு சுண்டல் தின்றபோது, தன்னை இங்கே யாருக்கும் இன்னார் மகள் என்று தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அதுவும் பிடித்திருந்தது.

பயிற்சி முடிந்ததும் சொல்லிக்கொடுத்த அம்மாள், "இங்கேயே இருந்துடேன். எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறோம்" என்றாள்.

"எங்க கம்பெனி அனுப்பித்தானேங்க வந்தேன். அங்கயும் மிஷின் வரப்போகுது" என்றாள் வடிவு.

அவள் மலைக்குத் திரும்பியவுடன் மிஷினுக்கான அறையைத் தயார் செய்தார்கள். ஈரம் பட்டால் அட்டை உப்பிவிடும் என்று அவள் சொன்னதால், பனிமஞ்சு நுழையாதபடி தச்சர் ஜன்னல் இடுக்குகளை அடைத்தார். தரைக்கு சிமெண்ட் பூசி, புதுக் கம்பி இழுத்து, ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டார்கள். மிஷின் மட்டும் வரவில்லை. வெளிநாட்டுச் சாமானுக்கு லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம் என்று மானேஜர் சொன்னார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். சாப்பாட்டு வேளையில் வடிவு அந்த அறையில் போய் உட்கார்ந்து, வெறும் மேஜைமேல் விரல்களை ஓட்டிப் பார்ப்பாள். பழக்கம் விட்டுப்போகக் கூடாதே.

வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்தபடி சும்மா இருப்பதைக் கந்தம்மாள் கவனித்தாள்.

"ஏ புள்ள, மறைக்காமச் சொல்லு. மெட்ராசுல யாரையாச்சும் நெனச்சுக்கிட்டு இருக்கியா?"

"ஆளு இல்லம்மா. அந்த வேலையத்தான்."

"வேலையவா? வேலதான் இங்க மலையாட்டம் கெடக்கே" என்றாள் அம்மா. மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பழனிக்கு நேர்ந்துகொண்டாள்.

ஆபீசில் பயம் பரவியிருந்தது. ஒரு நாள் தலைமைக் கிளார்க் பிச்சை முகம்மது அந்த அறை வாசலுக்கு வந்தார்.

"வடிவு, உள்ளதச் சொல்லும்மா. அது வந்தா இங்க எத்தன பேருக்குச் சோலி இருக்கும்?"

"கூட்டிப் போட ஆளு வேண்டியிருக்காது பாய். ஆனா அட்ட அடிக்கணும், சரிபாக்கணும். கத்துக்கிட்டா நம்மளே செய்யலாம்."

"அம்பது வயசுல நான் எங்க போயிக் கத்துக்கிட?"

மிஷின் வேண்டாம் என்று எல்லோரும் எழுதியிருந்த மனுவை அவர் நீட்டினார். அவள் கையெழுத்து மட்டும் பாக்கி.

"வேணும்னு நெனைக்கிறத வேணாம்னு எழுத முடியல பாய்."

அவர் தாளை மடித்துக்கொண்டார். "எனக்கு ஒன் மேல கோவமில்ல" என்றார். மற்றவர்களுக்கு இருந்தது. அதன்பிறகு அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

1966இல் லைசென்ஸ் கிடைத்து மிஷினும் வந்து இறங்கியது, மெட்ராஸ் தலைமை ஆபீசில். மலை ஆபீஸ் வாரா வாரம் கூலிக் கணக்குத் தாள்களைக் கட்டி பஸ்ஸில் கீழே அனுப்பினால் போதுமாம். கிளார்க்குகள் அன்று அல்வா வாங்கித் தின்றார்கள். வடிவு அறைச் சாவியை மானேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். உர மூட்டைகள் அந்த அறைக்கு வந்தன.

தாள்கள் கீழே போகத் தொடங்கியதும் மேலே கூட்டுவதற்குக் கணக்கு இல்லை. வருஷம் திரும்புவதற்குள் இரண்டு கிளார்க்குகள் தோட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள். சுப்புராஜை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

"மலையேற விடாமத் தடுத்துட்டோம்னு இருந்தோம். அது அங்கன இருந்துக்கிட்டே எங்க சோலிய முடிச்சிருச்சு" என்றார் பிச்சை முகம்மது.

வடிவுக்குச் சந்தோஷமாக இல்லை. சுப்புராஜின் மனைவி மாசமாக இருந்தது அவளுக்குத் தெரியும்.

அவள் மெட்ராஸ் மிஷின் வேலைக்கு விண்ணப்பித்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்று பதில் வந்தது. அவளுக்கு அதைத் தாண்டி சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தப் பதிலையும் மற்றத் தபால்களோடு வரிசை எண் போட்டு ஃபைலில் சேர்த்தது அவள்தான்.

தலைமை ஆபீசிலிருந்து ஒருநாள் டிரங்க் கால் வந்தது. மிஷினில் அட்டை அடிக்கும் லீலா என்ற பெண். "பாச்சலூர்த் தாள்ல நாலாவது வரி, அது ஏழா ஒண்ணாக்கா?" வடிவு நகலைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் இதுபோல அடிக்கடி கேட்டு போன் வரவே, வடிவு தோட்டத்து மேஸ்திரிகளுக்கு ஏழின் நடுவில் கோடு போடப் பழக்கினாள். அடிப்பவள் கை எந்த வரிசையில் போகுமோ அந்த வரிசையிலேயே தாளில் கட்டம் போட்டு அனுப்பினாள். "யாருக்கா இப்படிப் போட்டது? கை சறுக்கிட்டுப் போவுது" என்றாள் லீலா. வடிவு சிரித்தாள். லைனில் லீலாவுக்குப் பின்னால் மிஷின் ஹாலின் இரைச்சல் கேட்டது. டிரங்க் காலின் மூன்று நிமிஷம் முடிந்து லைன் அறுந்த பிறகும் அவள் ரிசீவரை உடனே வைக்கவில்லை.

1969 சீசனில் லீலா கணவனோடு கொடைக்கானலுக்கு வந்தாள். ஊர் திரும்பும் நாளில் ஆபீசைத் தேடி வந்து வடிவைப் பார்த்தாள். இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

"நீங்க குடுத்துவச்சவங்கக்கா. குளுகுளுன்னு இருக்கீங்க. எனக்கு விரல் நரம்பெல்லாம் வலி. ஹால்ல ஒரே புழுக்கம். இப்ப கம்ப்யூட்டர்னு ஒண்ணு வருதாம். அது வந்தா எங்க பாடும் என்னாகுமோ தெரியல."

"கம்ப்யூட்டரா? அது எப்படி இருக்கும்?"

"நான் எங்க பாத்தேன்? பம்பாய் பக்கம் இருக்குன்னு சொல்றாங்க. நாடாவுல கணக்க எழுதி வச்சுக்குமாம். ஒருதடவ சொன்னத மறக்காதாம்."

"மறக்காதுன்னா, போன வாரக் கணக்கும் அதுக்குள்ளயே இருக்குமா?"

"இருக்கும்போல."

லீலாவின் கணவன் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டுக் கூப்பிட்டான். லீலா ஏறி உட்கார்ந்தாள். வடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். அதற்கு எவ்வளவு பெரிய அறை வேண்டும், அதிலும் பெண்கள்தான் உட்காருவார்களா, பழகிக்கொள்ள வயது கேட்பார்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். லீலா தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததற்குக் கையை விரித்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"விசாரிச்சு எழுது லீலா. மறந்துறாத."

பஸ் நகர்ந்தது. அவளும் கம்பியை விடாமல் சில அடி கூடவே நடந்தாள்.