தகட்டின் ஓரம்

நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை ஓடிக்கொண்டிருந்த பம்பின் மேல் ஊன்றி, கைப்பிடியைத் தன் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். என் கணவரை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். எங்கள் நிறுவனத்தின் கீழ்த்தளத்து பம்ப் அறை அது. வேலைக்குச் சேர்ந்த புதிது; யாரோ பைத்தியம் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "பேரிங் ஒண்டு சாகப்போகுது, கேட்டுப்பாரும்" என்று திருப்புளியை என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன். எனக்கு இரைச்சல்தான் கேட்டது. அடுத்த வாரம் அந்த பேரிங் போய்விட்டது.

லண்டனுக்குத் தெற்கே, கிராய்டனில் ரயில் மாறிப் போக வேண்டிய தூரத்தில் எங்கள் தொழிற்சாலை இருக்கிறது. நாங்கள் கணினிச் சில்லு, அதாவது சிப், செய்பவர்கள் இல்லை. சில்லு செய்பவர்களுக்கு எந்திரம் செய்பவர்கள். வட்டமான சிலிக்கன் தகட்டின் மேல், கண்ணுக்குத் தெரியாத கோடுகளை வாயுவைக் கொண்டு அரித்தெடுக்கும் எந்திரம். அதை நாடு நாடாகப் போய்ப் பூட்டி, ஓட வைத்துக் கொடுத்துவிட்டு வருவது அவர் வேலை. அதற்குள் வாயு என்ன செய்ய வேண்டும், எவ்வளவு சூட்டில் செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. அதிலும் எனக்கென்று வாய்த்தது தகட்டின் ஓரம். நடுவில் எல்லாம் ஒழுங்காக வரும். ஓரத்துக்குப் போகப் போகக் கோடுகள் சாயும். அந்தச் சாய்வை நிமிர்த்துவதற்கென்றே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

அவர் சிறுவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். நான் திருச்சியில் படித்துவிட்டு விசா வாங்கி வந்தவள். அவர் என்னை "நீர்" என்று கூப்பிட்டபோது, நாடகத்தில் ராஜா பேசுவது போல இருக்கிறது என்று கிண்டல் செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் அதை விடவில்லை, நானும் கிண்டலை விடவில்லை. நோர்பரியில் வீடு எடுத்தோம். பிள்ளைகள் பிறக்கவில்லை. மற்ற வீடுகளில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் நாங்கள் எந்திரத்தைப் பற்றிப் பேசினோம். சாம்பார் ஆறிப்போகும் வரை வாயுவின் அழுத்தத்தைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம். பிளேஸ்டோவிலிருந்து வந்து தங்கியிருந்த மாமியார் ஒருநாள் பொறுக்க முடியாமல், "உங்கட வீட்டில மனுசர் கதைக்கிற கதை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டார். எங்களுக்கு அதுதான் மனிதர் பேசுகிற பேச்சு. "உங்களைப் பிடிக்கும்" என்று அவரிடம் வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஓரம் நிமிர்ந்த அன்று ஓடிப்போய் அவரிடம்தான் முதலில் சொன்னேன். அது போதும் என்று இருந்தோம்.

பிறகு தடை வந்தது. சீனாவுக்கு இந்த வகை எந்திரங்களை அனுப்பக் கூடாது, அனுப்பியவற்றைப் பழுதுபார்க்கவும் கூடாது என்று ஒவ்வொரு நாடாக விதி போட்டது. அவர் அப்போது அங்கே ஒரு எந்திரத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அடுத்த விமானத்தில் ஏறும்படி அலுவலகத்திலிருந்து உத்தரவு போனது. வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். "பாதி பூட்டினபடி விட்டிட்டு வந்திட்டன். ஸ்குரூ எல்லாம் அப்பிடியே மேசையில கிடக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கிருந்த பொறியாளர்கள் வாசல்வரை வந்து கைகொடுத்து அனுப்பினார்களாம். யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். ஒருவரும் கோபப்படவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

பெரிய வாடிக்கையாளர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள் என்பதால் எங்கள் நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. எந்திரம் பூட்டப் போகிறவர்களுக்குப் போக இடமில்லை. முதலில் போனது அவர்கள் வேலைதான். வீட்டில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களின் புல்வெட்டும் எந்திரத்தையெல்லாம் கேட்டு வாங்கிப் பிரித்துப் பூட்டினார். கொஞ்ச மாதத்தில் சீனாவிலிருந்தே அழைப்பு வந்தது. இனி வெளியே வாங்க முடியாது, எல்லாவற்றையும் நாங்களே செய்யப்போகிறோம், வந்து எங்களோடு நின்று செய்யுங்கள் என்று. எனக்குக் கோபம் வந்தது. அவர் நிதானமாகச் சொன்னார்: "அவையள் இவ்வளவு காலமும் கடையில வாங்கிச் சாப்பிட்டவை. கடையைப் பூட்டினால் அடுப்பு மூட்டத்தானே வேணும்?" அடுப்பு மூட்ட நீங்கள்தான் போக வேண்டுமா என்று கேட்டேன். மேசையில் கிடந்த அந்த ஸ்குரூக்கள் அவர் கண்ணில் இருந்தன.

அவர் போனபோது நான் ஏன் கூடப் போகவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக் கடன் என்று சொல்லிவைத்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் என் ஓரத்தை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவருக்கு அவர் எந்திரம் போல எனக்கு என்னுடையது. இரண்டு பிடிவாதக்காரர்கள் ஒருவரையொருவர் தேடிப்பிடித்துக் கட்டிக்கொண்டால் இப்படித்தான் முடியும்.

அவர் போவதைச் சட்டம் தடுக்கவில்லை. நிறுவனத்தின் ரகசியம் எதையும் கொண்டுபோகக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அதே நிறுவனத்தில் இருக்கிற மனைவி? எங்கள் அலுவலகத்தில் ஏற்றுமதி விதிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆங்கிலேயப் பெண்மணி என்னைக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, பக்குவமாகச் சொன்னார். வரைபடம், அளவு, வாய்ப்பேச்சு எல்லாமே ஏற்றுமதிதான். தொலைபேசியில் சொன்னாலும் அதுதான், படுக்கையில் சொன்னாலும் அதுதான். மீறினால் வேலை போகும், வழக்கு வரும், சிறைவரை போகலாம். "தலையாட்டினால்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அதுவும்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தேநீர் நேரம், அவருக்குச் சாயந்திரம். அப்போது பேசிக்கொள்வோம். வாய் தவறி அவர் வேலைக்குள் போனால் நான் "இங்க மழை" என்று சொல்ல வேண்டும். உடனே பேச்சை மாற்றிவிட வேண்டும். இது நாங்களாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. லண்டனில் இருந்துகொண்டு அதைச் சொல்ல அதிகம் பொய் பேச வேண்டியதில்லை. ஆரம்பத்தில் விளையாட்டாகத்தான் இருந்தது. போகப் போகத்தான் கணக்குப் புரிந்தது. எங்கள் பேச்சிலிருந்து எந்திரத்தைக் கழித்தால் மிச்சம் இருந்தது சாப்பாடும் உடல்நலமும்தான். என்ன சமைத்தீர், என்ன சாப்பிட்டீங்க, கால்வலி எப்படி, குளிர் எப்படி. முன்பின் தெரியாதவர்கள் பஸ் நிறுத்தத்தில் பேசுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனால் தெரிந்தவர்கள் "அண்ணை எப்ப வாறார்?" என்று கேட்பார்கள். அடுத்த வருஷம் என்பேன். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு யாரோடும் நிற்காமல் ரயிலேறி வந்துவிடுவேன்.

ஒரு ஞாயிறு அவர் குரல் சோர்ந்திருந்தது. அவர்கள் தாங்களே செய்த முதல் எந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. நடுவில் எல்லாம் அழகாக வருகிறது, ஓரத்தில் சாய்கிறது. "இங்க மழை" என்றேன். "ஓம், ஓம். நீர் ஒண்டும் சொல்லவேண்டாம். எனக்கு நானே கதைக்கிறன். ஒருத்தரோடையும் தமிழில கதைச்சு நாளாச்சு" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் போனை வைக்கவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். வாயு வரும் வழியாக இருக்குமோ? மழை என்றேன். சூடாக இருக்குமோ? மழை. தகட்டைப் பிடிக்கிற தட்டோ? சுற்றியிருக்கிற வளையமோ? மழை, மழை. இப்படிப் பத்துப் பன்னிரண்டு சொல்லியிருப்பார். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் என் வாயில் மழை கொஞ்சம் தாமதமாக வந்தது. எது என்று இங்கேயும் எழுத மாட்டேன். தாமதம் என்றால் ஒரு மூச்சு அளவுதான். மறுமுனையில் அவர் அப்படியே நின்றுவிட்டார். "சரியப்பா, வைக்கிறன். சாப்பிடும்" என்றார்.

அடுத்த ஞாயிறு அவர் பாடாத குறை. எல்லோரும் சேர்ந்து விருந்து வைத்தார்களாம், மேலதிகாரி கட்டிப்பிடித்தாராம். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓடுகிற பம்பின் இரைச்சலுக்குள் சாகப்போகிற பேரிங்கைக் கேட்கிற காது, என் மூச்சை மட்டும் கேட்காதா? "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றேன். "ஓம், நீர் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னோம். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரிந்தே கேட்டாரா, தற்செயலாகக் காதில் விழுந்ததா? இத்தனை ஞாயிறும் என்னோடு பேசத்தான் கூப்பிட்டாரா?

திங்கட்கிழமை ஏற்றுமதிப் பெண்மணியிடம் போனேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தாமதித்தேன் என்றேன். "எதுவும் சொல்லவில்லை என்றால் எழுதிக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்" என்றார். திட்டுவார் என்று நினைத்துப் போனவளுக்கு அந்த அன்பு தாங்கவில்லை. கழிவறையில் போய் அழுதேன்.

அன்றோடு குரலில் பேசுவதை நிறுத்திவிட்டேன். காரணத்தைச் சொன்னேன், என் மூச்சுக்கு நான் பொறுப்பேற்க முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அதன் பிறகு எழுத்தில் செய்திகள் மட்டும். சாப்பிட்டீரா? சாப்பிட்டேன். நீங்க? ஓம். தினமும் வரும், தினமும் போகும். அங்கே அவர்கள் அடுத்தடுத்து எந்திரம் செய்தார்கள், அந்த நுட்பம் வெளியே போகக் கூடாது என்று அவர்களும் விதி போட்டார்கள் என்று செய்திகளில் படித்தேன். என் கணவரைப் பற்றி நான் அப்படித்தான் அறிந்துகொண்டேன். வருஷங்கள் அப்படியே ஓடின.

இந்த வசந்தத்தில் விடுமுறைக்கு வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஹீத்ரோவிலிருந்து வீடுவரை போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசினோம். விருந்தாளிக்கு எடுத்துவைப்பது போலப் புதுத் துண்டு எடுத்துவைத்தேன். இப்படியே சில நாள் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலையில் துணி துவைக்கும் மெஷின் சுழலும்போது கரகரவென்று கத்தியது. இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். "பேரிங்" என்றேன் நான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓம், பின்பக்கத்து பேரிங்" என்றார். தோர்ன்டன் ஹீத்தில் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தோம். சமையலறைத் தரை முழுக்கப் பழைய துணியை விரித்து மெஷினைப் பிரித்துப் போட்டோம். எதை முதலில் கழற்றுவது என்று சண்டை போட்டோம். நான் சொன்னது சரியாக இருந்தது, அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கை முழுக்க எண்ணெய்க்கறுப்பு. மதியம் சாப்பிட மறந்துபோனோம். இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. தொட்டியைத் திரும்பத் தூக்கிவைத்தபோது, "ஓரத்துல நாங்க புதுசா ஒண்ணு பண்ணியிருக்கோம், கேட்டா நீங்க..." என்று தொடங்கிவிட்டேன். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பயப்படாதையும். அதைக் கேட்டு நான் இப்ப ஒண்டும் செய்யப்போறதில்லை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அண்டைக்கு நீர் கொஞ்சம் பிந்தினனீர். நான் கேட்டனான். கேட்கவேணும் எண்டுதான் கதைச்சனான். அதை வச்சுக் கொஞ்சக் காலம் ஓட்டினம். இப்ப அதையும் கழட்டி எறிஞ்சாச்சு. நாங்கள் வேற வழியால போயிட்டம்."

கோபம் வரவேண்டிய இடம் அது. எத்தனையோ ராத்திரி அந்தக் கோபத்தைத் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. வேறு வழி என்றாரே, ஓரத்துக்கு வேறு வழி இருக்கிறதா? என் வேலைக்காலம் முழுவதும் தேடி ஒரு வழிதான் கண்டேன். எனக்குத் தாகம் போல இருந்தது. விதி, வேலை, நிறுவனம் எதுவும் தோன்றவில்லை. எந்த இடத்தில் கைவைத்தார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

"எந்த வழி?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். ஓரம் நிமிர்ந்த அன்று நான் அவரிடம் ஓடியபோது எனக்கிருந்த அதே முகம் அவருக்கும் வந்தது. சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பிறகு அது அடங்கியது. பழைய துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"அது ஏலாதப்பா" என்றார்.