கன்னியப்பனுக்குச் சவால் விட்ட குளிர்

ஒரகடத்தில் எந்த ஆலையில் ஏசி மக்கர் செய்தாலும் வல்லக்கோட்டைக் கன்னியப்பனைத்தான் கூப்பிடுவார்கள். தான் குளிர வைக்காத அறை இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் பொய்யில்லை.

அவர் வாயை அடைத்தது லேசர் கருவி செய்யும் ஒரு சின்னக் கம்பெனி; அங்கேயும் ஏசி அவர் பொறுப்புதான். அங்கே வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பெண் இசக்கிசெல்வி, வளையமாக வடிவமைத்த லேசர் ஒளிக்குள் மூலக்கூறுகளை அடைத்துக் குளிர வைக்கிறாளாம்.

"லேசர் பட்டா சுடும்மா. யார் காதுல பூ சுத்துறே?"

"மூலக்கூறு ஓடுத ஓட்டந்தான் அண்ணாச்சி சூடு. வெளிச்சம் எதிர்ல நின்னு தள்ளுனா ஓட்டம் கொறயும். கொறஞ்சா குளுருதான்."

கன்னியப்பனுக்கு வயிறு எரிந்தது. கம்ப்ரசர் இல்லை, கேஸ் இல்லை, இதெல்லாம் ஒரு குளிரா?

வெள்ளிக்கிழமை, கருவியை வாங்க வருகிறவர்கள் கண்முன்னால் மூலக்கூறுகள் முழுசாக ஒரு நொடி ஒளிக்குள் நிற்க வேண்டும். நின்றால் அவை திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். தெரியாவிட்டால் ஆர்டர் போச்சு, இசக்கிசெல்வியின் வேலையும் போச்சு.

எரிச்சல் இருந்தாலும் மனுஷனுக்கு மனசு கல்லில்லை. பாவம், பொண்ணு கஷ்டப்படுது, நம் பங்குக்கும் கொஞ்சம் குளிர் இருக்கட்டும் என்று, அன்று காலையில் யாருக்கும் தெரியாமல் இருபத்துநாலில் இருந்த ஏசியைப் பதினாறுக்கு இறக்கிவிட்டார்.

திரையில் புள்ளியே இல்லை. ஏசிக் காற்று நேராக மேசையில் அடித்ததில், லேசரைத் திருப்பும் கண்ணாடிகள் முடியளவு நகர்ந்துவிட்டன. இசக்கிசெல்வி ஏசியை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி இப்படிச் செஞ்சிட்டீய?"

"குளிர்தானம்மா வேணும்னே?"

"அது லேசர் வெளிச்சத்துக்குள்ள. ரூமுல சூடு ஏறாம எறங்காம இருந்தாப் போதும். இனி ஏசிய அணைச்சு, சூடு ஒரே நெலைக்கு வந்தாத்தான் கண்ணாடியத் திருத்த முடியும்."

கன்னியப்பன் தன் கையாலேயே ஏசியை அணைத்தார். வந்தவர்களுக்கு டீ, சாப்பாடு, மறுபடி டீ என்று இரண்டு மணி நேரம் ஓட்டினார்கள். இசக்கிசெல்வி கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். எல்லாருக்கும் சட்டை முதுகில் ஒட்டியபோது திரையில் புள்ளி தோன்றியது. ஒரு நொடி நின்றது. இரண்டாவது நொடியும் நின்றது.

வந்தவர்களில் பெரியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, இங்கே கூலிங் யார் பொறுப்பு என்று கேட்டார். இசக்கிசெல்வி கன்னியப்பனை முன்னால் தள்ளிவிட்டாள்.

"என்ன செஞ்சீங்க?"

"ஏசிய நிறுத்தினேன் சார்" என்றார் கன்னியப்பன். இருபது வருஷத் தொழிலில் முதல்முறையாக அதற்குக் கைதட்டினார்கள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.